பி0ஏசி0: பேட்டரியும் இல்லை, சென்சாரும் இல்லை, ஒரு கிரவுண்ட் கம்பி

வண்டி ஒரு ஹைப்ரிட் செடான். பின் சீட்டுக்குப் பின்னால் 34 மாட்யூல் கொண்ட நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி, மொத்தம் 244.8 வோல்ட், கொள்ளளவு 6.5 ஆம்பியர்-மணி. நிற்பது திருவொற்றியூரில், கடலுக்கு இரண்டு தெரு தள்ளி, கூரையில்லாத இடத்தில். ஓட்டுபவர் சொன்ன குறை: "அண்ணே, காலையில எடுத்தா முக்கோண லைட்டு எரியுது, எஞ்சின் நிக்கவே மாட்டேங்குது. மத்தியானம் எடுத்தா ஒண்ணுமே இல்ல. பேட்டரி போயிடுச்சு, மாத்தணும்னு ஒரு இடத்துல சொல்லிட்டாங்க."

"காலையில மட்டும்" என்ற சொல்லைக் குறித்துக்கொள்ள வேண்டும். பேட்டரி செல் கெட்டிருந்தால் அது பெரும்பாலும் வெயிலில், பீச் ரோட்டில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே நின்று நின்று போகும்போது, சூடேறித்தான் தொல்லை தரும். மார்கழிக் குளிரில் வந்து மத்தியானச் சூட்டில் மறையும் கோளாறு என்றால் முதல் சந்தேகம் கனெக்டர் மேலும் கம்பி மேலும்தான் விழ வேண்டும்.

வண்டியின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரில் இருந்தது ஒரே கோடு, அதாவது கோளாறைக் குறிக்கும் எண் (code): பி0ஏசி0 (P0AC0). ஹைப்ரிட் பேட்டரி கரன்ட் சென்சார் சர்க்யூட்டின் அளவு நம்பும்படி இல்லை என்பது இதன் பொருள். இதன் உறவுக்காரக் கோடுகளையும் தெரிந்து வைத்திருப்பது நல்லது. பி0ஏபிஎஃப் என்றால் சர்க்யூட்டில் பொதுவாகக் கோளாறு. பி0ஏசி1 என்றால் சிக்னல் மிகத் தாழ்ந்துவிட்டது: சென்சாருக்கு மின்சாரம் தரும் 5 வோல்ட் லைன் அறுந்திருக்கலாம், அல்லது சிக்னல் கம்பி எங்கோ பாடியில் உரசுகிறது. பி0ஏசி2 என்றால் சிக்னல் மிக உயர்ந்துவிட்டது: பெரும்பாலும் கிரவுண்ட், அதாவது மின்சாரம் திரும்பும் கம்பி, முழுதாக அறுந்திருக்கும், அல்லது சிக்னல் கம்பி 5 வோல்ட்டோடு ஒட்டியிருக்கும். இந்த நான்கில் எதுவும் "சென்சார் கெட்டது" என்று சொல்லவில்லை. சென்சார், மூன்று கம்பிகள், இடையில் உள்ள கனெக்டர்கள், பேட்டரி ஈசியூ (பேட்டரியைக் கவனிக்கும் கணினி) எல்லாம் சேர்ந்த வட்டத்தில் எங்கோ பிசகு என்றுதான் சொல்கின்றன. கோடு எண்ணைப் பார்த்ததும் சென்சாருக்கு ஆர்டர் போடுவதால்தான் பணம் வீணாகிறது.

கோடு எண்ணை அழிக்கும் முன் ஃப்ரீஸ் ஃப்ரேம் விவரத்தைப் படம் எடுத்து வைக்க வேண்டும். அழித்துவிட்டால் கோளாறு வந்த நொடியின் அளவுகளும் போய்விடும்.

பேட்டரியை முதலில் சந்தேகத்திலிருந்து விடுவிப்பது

244.8 வோல்ட் பேட்டரியை ஈசியூ 17 ப்ளாக்குகளாகப் பார்க்கிறது. ப்ளாக்குக்கு இரண்டு மாட்யூல், பெயரளவில் 14.4 வோல்ட். வண்டி நின்ற நிலையில் மிகக் கூடிய ப்ளாக் 15.42, மிகக் குறைந்தது 15.29. பிரேக்கை அழுத்திப் பிடித்து, டி கியரில் சில நொடி ஆக்சிலரேட்டர் கொடுத்துச் சுமை ஏற்றியபோதும் 17 ப்ளாக்குகளும் ஒன்றாகவே இறங்கி ஒன்றாகவே ஏறின. பலவீனமான ப்ளாக் இருந்தால் அது மட்டும் தனியாகக் கீழே விழும். இங்கே விழவில்லை. பேட்டரியை மாற்றச் சொல்லும் பி0ஏ80 கோடும் இல்லை. பேட்டரி நலமாக இருக்கிறது.

சர்க்யூட்டிலேயே கழற்றாமல் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள சோதனை அடுத்தது. பிரேக்கைத் தொடாமல் பவர் பட்டனை இரண்டு முறை அழுத்தினால் இக்னிஷன் ஆன் ஆகும், வண்டி ஓடத் தயார் என்று காட்டும் ரெடி விளக்கு எரியாது. இந்த நிலையில் பேட்டரியை வண்டியோடு இணைக்கும் சுவிட்சுகளான மெயின் ரிலேக்கள் திறந்தே இருக்கும். பேட்டரியிலிருந்து ஒரு ஆம்பியர்கூட வெளியே போக வழியில்லை. அப்போது ஸ்கேனர் காட்டும் பேட்டரி கரன்ட் எதுவானாலும் அது பொய்க் கணக்கு. பூஜ்யத்துக்கு ஒட்டி இருக்க வேண்டிய இடத்தில், காலை 6 மணிக்கு இந்த வண்டி காட்டியது +9.6 ஆம்பியர். பகல் 1 மணிக்கு +0.9. இங்கே கூட்டல் குறி என்றால் பேட்டரி செலவாகிறது என்று பொருள்.

9.6 ஆம்பியர் சின்னப் பிழை அல்ல. ஈசியூ பேட்டரியின் இருப்பைக் கணக்கிடுவது முதன்மையாகப் போன கரன்ட்டையும் வந்த கரன்ட்டையும் கூட்டிக் கழித்துத்தான். இருப்பை ஏறத்தாழ 60 சதவீதத்தில் வைத்துக்கொள்ளப் பார்க்கும் அமைப்பு இது. 60-லிருந்து 40-க்கு இறங்க 1.3 ஆம்பியர்-மணி செலவாக வேண்டும். இல்லாத 9.6 ஆம்பியரை ஈசியூ கழித்துக்கொண்டே போனால், வண்டி சும்மா நின்றாலும் 8 நிமிடத்தில் "பேட்டரி காலி" என்ற முடிவுக்கு வந்துவிடும். உடனே எஞ்சினை ஓடவிட்டு சார்ஜ் ஏற்றும். உண்மையில் பேட்டரி நிரம்பிக்கொண்டிருக்கும், மின்னழுத்தம் ஏறும், பேட்டரி சூடாகும், பின் சீட்டு ஃபேன் இரையும். கணக்கும் மின்னழுத்தமும் ஒத்துவராத கட்டத்தில் முக்கோண விளக்கு வரும். எஞ்சின் நிற்காததற்குக் காரணம் இதுதான். இப்படியே பல மாதம் ஓட்டினால் நல்ல பேட்டரியையும் அளவுக்கு மீறிச் சார்ஜ் ஏற்றிக் கெடுத்துவிடலாம்.

சென்சார் எப்படிப் பேசுகிறது

பேட்டரியின் பெரிய கேபிள் ஒரு ஃபெரைட் வளையத்துக்குள் நுழைந்து போகிறது. வளையத்தில் ஒரு சின்ன வெட்டு, அந்த வெட்டில் ஹால் எலிமென்ட். கேபிளில் கரன்ட் ஓடினால் வளையத்தில் காந்தப் புலம் உண்டாகும், ஹால் எலிமென்ட் அதை வோல்ட்டாக மாற்றும். மூன்று கம்பிகள்: ஈசியூ தரும் 5 வோல்ட், கிரவுண்ட், சிக்னல். கரன்ட் பூஜ்யம் என்றால் சிக்னல் நடுவில், அதாவது 2.5 வோல்ட்டில் நிற்கும். செலவானால் மேலே போகும், சார்ஜ் ஏறினால் கீழே இறங்கும். ஸ்கேனர் ஆம்பியரையும் சிக்னல் வோல்ட்டையும் ஒப்பிட்டுப் பார்த்ததில் இந்த வண்டியில் ஆம்பியருக்கு ஏறத்தாழ 10 மில்லிவோல்ட்.

சென்சார் தனக்குக் கிடைக்கும் 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் சரிபாதியைப் பூஜ்யமாக வைத்துக்கொள்கிறது. கிரவுண்ட் கம்பியில் 0.2 வோல்ட் இழப்பு இருந்தால் சென்சாரின் "தரை" 0.2 உயர்கிறது, நடுப்புள்ளி அதில் பாதி, 0.1 வோல்ட் மேலே போகிறது, பொய்யாக 10 ஆம்பியர் செலவு தெரிகிறது. அதே 0.2 இழப்பு 5 வோல்ட் கம்பியில் என்றால் நடுப்புள்ளி 0.1 கீழே இறங்கும், பொய்யாக 10 ஆம்பியர் சார்ஜ் தெரியும். ஆக, பூஜ்யம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை வைத்தே எந்தக் கம்பி என்று ஊகிக்கலாம். இந்த வண்டி செலவுப் பக்கம் சாய்ந்தது. சந்தேகம் கிரவுண்ட் மேல்.

திறப்பது

ஹைப்ரிட் வேலையில் பயிற்சி இல்லாதவர் இதற்கு மேல் கை வைக்க வேண்டாம். மேலே சொன்னவை எல்லாம் ஸ்கேனரோடு முடிபவை, யாரும் செய்யலாம். மூடியைக் கழற்றினால் எதிரே இருப்பது ஆளைக் கொல்லும் மின்சாரம்.

மோதிரம், செயின், கைக்காப்பு, வாட்ச் எல்லாம் முதலில் கழற்ற வேண்டும். வெள்ளி அரைஞாண் கட்டியிருந்தால் அதையும்தான். டிக்கிக்குள் குனியும்போது அது வெளியே வரும். பவரை ஆஃப் செய்து சாவியை வண்டியை விட்டுத் தள்ளி வைத்து, 12 வோல்ட் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, பிறகு உயர் மின்னழுத்தம் தாங்கும் கிளாஸ் 0 ரப்பர் கையுறை போட்டு, பேட்டரியின் இணைப்பை நடுவில் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கை உருவ வேண்டும். உருவிய பிளக் வேலை செய்பவரின் பாக்கெட்டில் இருக்கட்டும், வேறு யாரும் தெரியாமல் திரும்பச் செருகிவிடக் கூடாது. கையுறையை ஒவ்வொரு முறையும் போடும் முன் மணிக்கட்டுப் பக்கம் சுருட்டிக் காற்றை அடைத்துப் பார்க்க வேண்டும். ஊசித் துளை இருந்தால் காற்று கசியும். சென்னை வியர்வைக்கு உள்ளே மெல்லிய பருத்திக் கையுறை ஒன்று போட்டால் அரை மணி நேரம் கூடுதலாகத் தாங்கலாம். பிளக் உருவிய பின் 10 நிமிடம் பொறுத்து, கேட் 3 (CAT III), 1000 வோல்ட் தாங்கும் மீட்டரால், பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு மாற்றித் தரும் இன்வெர்ட்டர் பக்க முனைகளில் பூஜ்யம் வந்துவிட்டதா என்று பார்த்த பிறகே அடுத்த வேலை. சர்வீஸ் பிளக்கை உருவுவது பேட்டரியை இரண்டு துண்டாகப் பிரிக்கிறது, அவ்வளவுதான். ஒவ்வொரு துண்டிலும் ஆளை வீழ்த்தும் மின்னழுத்தம் அப்படியே இருக்கும். கண்ணில் படும் பஸ்பார் (மாட்யூல்களை இணைக்கும் உலோகப் பட்டை) முனைகளை உடனே இன்சுலேஷன் டேப்பால் மூட வேண்டும்.

கோளாறு காலையில்தான் வருகிறது என்பதால் முதல் நாள் மாலையே திறந்து, மூடியை மேலே வைத்து, ஷெட்டைப் பூட்டி, எச்சரிக்கைப் பலகை மாட்டிவிட்டு, அளவெடுப்பதை மறுநாள் காலை 6 மணிக்கு வைத்துக்கொண்டோம். வெயில் ஏறிய பின் திறந்திருந்தால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று மூடியிருப்போம்.

அளவுகள்

சர்வீஸ் பிளக் வெளியே இருக்க, 12 வோல்ட்டை மட்டும் மாட்டி, இக்னிஷன் ஆன். ரெடி போடவே கூடாது. இப்படிச் செய்தால், பாதுகாப்பு இணைப்பு திறந்திருக்கிறது என்று சொல்லும் இன்டர்லாக் கோடு பி0ஏ0டி பதிவாகும், கடைசியில் அழித்துக்கொள்ளலாம். கனெக்டர் மாட்டியிருக்க, பின்பக்கத்திலிருந்து மெல்லிய ஊசி விட்டு, மீட்டரின் கறுப்பு முனையை ஈசியூவின் கிரவுண்ட் முனையிலேயே வைத்து எடுத்தவை:

5 வோல்ட் லைன், ஈசியூ பக்கம் 5.02, சென்சார் பக்கம் 5.02.
கிரவுண்ட் லைன், சென்சார் பக்கம் 0.19 வோல்ட். இங்கே சில மில்லிவோல்ட்டுக்கு மேல் இருக்கவே கூடாது.
சிக்னல், இரு பக்கமும் 2.605.

கணக்குப் போட்டுப் பார்த்தால், சென்சாருக்குக் கிடைப்பது 4.83, அதில் பாதி 2.415, அதோடு 0.19 கூட்டினால் 2.605. இருக்க வேண்டிய 2.51-ஐ விட 0.095 கூடுதல், அதாவது 9.5 ஆம்பியர். ஸ்கேனர் சொன்னது 9.6. சென்சார் தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. சென்சார் இழுக்கும் கரன்ட்டை 5 வோல்ட் லைனில் மில்லிஆம்பியர் மீட்டரைத் தொடராகப் போட்டு அளந்தால் 12. ஆக, கிரவுண்ட் கம்பியில் சுமார் 16 ஓம் குந்தியிருக்கிறது.

இதே கம்பியைப் பலர் கனெக்டரைக் கழற்றி, மீட்டரை பீப் சத்தத்தில் வைத்துப் பார்ப்பார்கள். அது பீப் என்று கத்தும், கம்பி நலம் என்று எழுதிவிடுவார்கள். பெரும்பாலான மீட்டர்கள் 30 ஓம் வரைகூட பீப் அடிக்கும். விளக்குக் கம்பி அறுந்ததா என்று பார்க்க அந்தச் சத்தம் போதும், சென்சார் கிரவுண்டுக்குப் போதாது. ஓம் அளவில் வைத்துப் பார்த்தபோதும் 3, 16, 7 என்று கம்பியை அசைக்க அசைக்க மாறியது. கரன்ட் ஓடும்போது இழக்கும் வோல்ட்டை அளப்பதுதான் நம்பகமானது.

சென்சார் மேல் துளி சந்தேகமும் மிஞ்சக் கூடாது என்றால் அதை விலக்கிவிட்டுப் பார்க்கலாம். சென்சார் கனெக்டரைக் கழற்றி, கம்பிப் பக்கத்தில் இரண்டு சம ரெசிஸ்டர்களைத் தொடராகப் போட்டு, ஒரு முனை 5 வோல்ட், மறு முனை கிரவுண்ட், நடுச் சந்திப்பு சிக்னல். ஈசியூவுக்கு இது பூஜ்ய ஆம்பியர் காட்டும் சென்சார் போலத் தெரியும். கையில் கிடைக்கும் 1 கிலோ ஓம் ஜோடியை எடுத்தால் இங்கே ஏமாற்றம்தான். அது இழுப்பது 2.5 மில்லிஆம்பியர்தான், 16 ஓமில் 0.04 வோல்ட் மட்டுமே இழக்கும், ஸ்கேனர் 2 ஆம்பியர் காட்டும். 9.6-லிருந்து 2-க்கு இறங்கிவிட்டதே என்று சென்சாரைக் குற்றவாளி ஆக்கிவிடுவோம். சென்சார் இழுக்கும் அளவு கரன்ட்டை ரெசிஸ்டரும் இழுக்க வேண்டும். 220 ஓம் ஜோடி, கால் வாட் போதும், 11 மில்லிஆம்பியர் இழுக்கும். அதைப் போட்டதும் ஸ்கேனரில் 8.8 ஆம்பியர். சென்சாரே இல்லாதபோதும் பொய்க் கரன்ட் அப்படியே நிற்கிறது. ரிச்சி தெருவில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் இரண்டு ரெசிஸ்டர்கள் ஒரு சென்சாரின் விலையைக் காப்பாற்றிவிட்டன.

இடம்

0.19 வோல்ட்டைத் துண்டு துண்டாகப் பிரித்தோம். சென்சார் முனையிலிருந்து இடைக் கனெக்டர் வரை 3 மில்லிவோல்ட். இடைக் கனெக்டரிலிருந்து ஈசியூ வரை 4 மில்லிவோல்ட். இடைக் கனெக்டரின் குறுக்கே மீதி அத்தனையும். இந்தக் கனெக்டர் டிக்கியின் வலப்பக்கம், பின் விளக்குக்கு நேர் கீழே.

பிரித்துப் பார்த்தால் முன்பக்கம் முனை பளபளவென்று இருக்கிறது. இதைப் பார்த்து கான்டாக்ட் கிளீனர் அடித்து மாட்டிவிட்டால் ஒரு வாரத்தில் வண்டி திரும்பி வரும். முனையை உறையிலிருந்து உருவியபோதுதான் விஷயம் தெரிந்தது: கம்பியைப் பிடிக்கும் கிரிம்ப் பகுதியில் பச்சைக் களிம்பு. இன்சுலேஷனைக் கீறினால் களிம்பு கம்பிக்குள்ளும் 5 சென்டிமீட்டர் ஏறியிருக்கிறது. உப்புத் தண்ணீர் இழைகளுக்கு நடுவே திரியில் எண்ணெய் ஏறுவது போல ஏறிவிடும். பகலில் டிக்கி சூடேறி விரியும்போது மிச்சமிருந்த சில இழைகள் தொட்டுக்கொண்டன, அதிகாலையில் சுருங்கி விலகின.

பழுது

மறுபடி 12 வோல்ட்டைக் கழற்றிவிட்டுத்தான் இது. களிம்பு ஏறிய கம்பியை வெட்டும்போது செம்பு செம்பாகவே தெரியும் வரை வெட்ட வேண்டும். இங்கே 6 சென்டிமீட்டர் போனது. அதே தடிமன், 0.5 சதுர மில்லிமீட்டர் கம்பியில் புதிய முனையைக் கிரிம்ப் செய்து, இணைப்பில் உள்ளே பசை பூசிய ஹீட் ஷ்ரிங்க் போட்டாயிற்று. பக்கத்து இரண்டு கம்பிகளின் முனைகளையும் சேர்த்தே மாற்றினோம். ஒரே உறையில் ஒரே தண்ணீர் குடித்தவை, இன்றைக்கு நன்றாக இருப்பது நாளைக்கு இருக்காது. மூன்று இணைப்புகளும் ஒரே இடத்தில் தடித்து நிற்காமல் கொஞ்சம் முன்பின்னாக வைக்க வேண்டும்.

எதிர்ப்பக்க ஊசி முனைகளில் வெள்ளை உப்புப் பொடி இருந்தது. இங்கே ஒரு பொதுவான தவறு நடக்கும். ஆல்கஹாலிலும் கான்டாக்ட் கிளீனரிலும் உப்பு கரையாது, எண்ணெய்தான் போகும். முதலில் பெட்ரோல் பங்கில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டரைத் தொட்டுத் தொட்டு மெல்லிய பிரஷ்ஷால் துடைத்து, அதன் பிறகு ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் ஈரத்தை எடுத்துக் காயவிட வேண்டும். பேட்டரி பக்கம் எதையும் ஸ்ப்ரே அடிக்கக் கூடாது. குழாய்த் தண்ணீரும் போர் தண்ணீரும் தொடவே கூடாது. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவும் கூடாது, மேலே உள்ள வெள்ளீயப் பூச்சு போய்விட்டால் அடுத்த மழைக்கே களிம்பு வரும்.

தண்ணீர் வந்த வழியை அடைக்காவிட்டால் இத்தனையும் வீண். டிக்கிக்குள் ஒருவர் டார்ச்சோடு உட்கார, வெளியே பின் விளக்கின் மேல் 15 நிமிடம் ஹோஸில் மெதுவாகத் தண்ணீர் விட்டோம். ஒன்பதாவது நிமிடத்தில் விளக்கு கேஸ்கெட்டின் கீழ்மூலையிலிருந்து ஒரு துளி, வயரிங்கின் மேலேயே வழிந்து நேராகக் கனெக்டருக்கு. கேஸ்கெட்டை மாற்றி, ப்யூட்டைல் நாடா கொடுத்து, வயரிங்கைக் கனெக்டருக்கு முன்னால் ஒரு வளைவு கீழே தொங்கும்படி கட்டினோம். இனித் துளி வந்தாலும் அந்த வளைவின் அடியில் சொட்டும், கனெக்டருக்குள் ஏறாது. ஸ்டெப்னி குழியில் தேங்கியிருந்த தண்ணீரையும் இறைத்துத் துடைத்தாயிற்று. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையில் தண்ணீர் நின்ற தெருக்களிலிருந்து வரும் எந்த ஹைப்ரிட் வண்டியிலும் இந்தக் குழியை முதலில் பார்ப்பது நல்லது. பேட்டரிப் பெட்டிக்குள்ளேயே தண்ணீர் போன அடையாளம் தெரிந்தால் அது வேறு வேலை, இந்த வழியில் திறக்கக் கூடாது.

மூடும் முன் இன்னும் சில. பேட்டரியை முன்பு யாராவது கழற்றி மாட்டியிருந்தால் சென்சார் மேல் உள்ள அம்புக்குறி சரியான பக்கம் பார்க்கிறதா என்று பாருங்கள். தலைகீழாக மாட்டினால் பூஜ்யம் சரியாக இருக்கும், ஆனால் சார்ஜ் செலவாகவும் செலவு சார்ஜாகவும் தெரியும். டிக்கியில் பெரிய சப்வூஃபர் பெட்டி பேட்டரியை ஒட்டி வைத்திருந்தால் அதை வெளியே இறக்கிவிட்டு ஒருமுறை பூஜ்யம் பாருங்கள். ஹால் சென்சார் பக்கத்தில் அவ்வளவு பெரிய காந்தம் இருக்க வேண்டியதில்லை.

எல்லாம் மாட்டி, கோடுகளை அழித்து, மறுநாள் காலை 6 மணிக்கு இக்னிஷன் ஆன்: 0.1 ஆம்பியர். ரெடி போட்டு, எஞ்சின் நின்ற நிலையில் ஏசியை ஓடவிட்டு, பேட்டரியிலிருந்து போகும் உயர் மின்னழுத்த ஆரஞ்சு கேபிள் ஒன்றில் மட்டும் டிசி கிளாம்ப் மீட்டர் போட்டுப் பார்த்தால் 8.4, ஸ்கேனரில் 8.6. இரண்டு கேபிள்களையும் சேர்த்துப் பிடித்தால் போவதும் வருவதும் கழிந்து பூஜ்யம்தான் காட்டும். கேபிளின் மேல் உள்ள செம்புப் பின்னல் டிசி அளவைத் தடுக்காது. பிறகு எண்ணூர் வரை போய்த் திரும்பியதில் எஞ்சின் வேண்டிய இடத்தில் நின்றது, இருப்பு 55-க்கும் 63-க்கும் நடுவே ஆடியது, ஃபேன் சத்தம் கேட்கவில்லை. அடுத்த நாலு நாள் காலைக் குளிரில் எடுத்த பூஜ்ய அளவுகள்: 0.1, 0.2, 0.1, 0.1.